74 மதிப்பெண்ணும் பெருமாள் ஏரியும்



இது கொஞ்சம் நீளமான பதிவு. கல்லூரியில் பிள்ளை படிக்கிற வீட்டுக்காரர்களும், கல்லூரிகளில் வேலை பார்க்கிற என் பழைய மாணவர்களும் கடைசி வரை படித்தால் மகிழ்வேன். மற்றவர்கள் நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்.

கல்லூரியில் எந்தத் துறையில் சேர்ந்தாலும் எல்லோரும் எழுதியாக வேண்டிய பொதுப் பாடங்கள் சில இருக்கின்றன. பி.காம். படித்தாலும் சரி, கணிதம் படித்தாலும் சரி, தமிழ் இலக்கியம் படித்தாலும் சரி, சுற்றுச்சூழல் கல்வி உண்டு, மதிப்புக் கல்வி உண்டு. மதிப்பெண் பட்டியலில் 'பகுதி நான்கு' என்று போட்டிருக்குமே, அந்தப் பாடங்கள்தான். முதன்மைப் பாடத்துக்குக் கிடைக்கிற மரியாதை இவற்றுக்கு எந்தக் கல்லூரியிலும் கிடையாது. கால அட்டவணையில் கடைசி மணிநேரம், யாருக்கு வேலைநேரம் குறைகிறதோ அவர் தலையில் பாடம், தேர்வுக்கு முதல் நாள் ராத்திரி ஒரு கைடு. இதுதான் நடைமுறை.

என் தங்கை பேத்தி இந்த வருடம் சுற்றுச்சூழல் தாளில் 74 வாங்கியிருக்கிறாள். கெட்டிக்காரப் பெண், சந்தேகமே இல்லை. விடுமுறைக்கு வந்திருந்தபோது, "ஈரநிலம் பத்திக் கேட்டிருந்தாங்களா?" என்றேன். "பத்து மார்க் தாத்தா, ரெண்டரைப் பக்கம் எழுதினேன்" என்றாள். "நம்ம பெருமாள் ஏரிக்குத் தண்ணி எங்கேர்ந்து வருது?" என்றேன். சிரித்தாள். "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல தாத்தா."

அவள் சொன்னதில் தப்பில்லை. குறிஞ்சிப்பாடியிலேயே பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு, பத்து கிலோமீட்டருக்குள் கிடக்கிற அவ்வளவு பெரிய ஏரியைப் பற்றி ஒரு வரி தெரியாமலே ஈரநிலத்துக்குப் பத்து மதிப்பெண் கிடைக்கிறது. அந்தத் தாளைத் திருத்தியவருக்கும் பெருமாள் ஏரி தேவைப்படவில்லை. இந்த 74 எதை அளந்தது என்ற கேள்வியை நான் அவளிடம் கேட்கவில்லை, உங்களிடம் கேட்கிறேன்.

முதலில் இந்தப் பாடம் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பல பேருக்குத் தெரியாது. எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். 1991 நவம்பர் 22 அன்று தீர்ப்பு வந்தது. சினிமா கொட்டகைகளில் படத்துக்கு முன்னால் சுற்றுச்சூழல் பற்றி ஸ்லைடு காட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சி போட வேண்டும், பள்ளியிலும் கல்லூரியிலும் இதைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் போட்டு மட்டும் ஆற்றையும் காற்றையும் காப்பாற்ற முடியாது, மக்கள் மனதுக்குள் அந்த அக்கறை வர வேண்டும் என்று நீதிமன்றம் நினைத்தது. கல்லூரிக்கு அது வந்து சேர மேலும் பன்னிரண்டு வருடம் பிடித்தது. 2003இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆறு மாதப் பாடத்திட்டம் ஒன்றை எல்லா இளநிலைப் பட்டப் படிப்புக்கும் பொதுவாக வெளியிட்டது.

அந்தப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். குறை சொல்ல மனம் வரவில்லை. மொத்தம் 50 மணி நேரம். எட்டு அலகுகள். அதில் எட்டாவது அலகு முழுக்கக் களப்பணி. பக்கத்தில் இருக்கிற ஆறு, காடு, மலை, புல்வெளி ஏதாவது ஒன்றுக்குப் போய் அங்கே என்ன இருக்கிறது என்று பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் கண்ணில் படுகிற செடி, பூச்சி, பறவைகளை அடையாளம் காண வேண்டும். குளத்தையோ ஆற்றையோ ஓர் உயிர்ச்சூழலாகப் படிக்க வேண்டும். மதிப்பெண்ணும் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்: எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25.

அதாவது இந்தப் பாடத்தின் நோக்கம் நிறைவேறியதா என்று பார்க்கிற கருவியையும் பாடத்திட்டம் எழுதியவர்களே கையில் கொடுத்துவிட்டார்கள். நாம் பிடுங்கி எறிந்தது அந்தக் கருவியை மட்டும்தான்.

எப்படி என்று கேளுங்கள். எந்தத் தாளுக்கும் நம் பக்கத்தில் 75 வெளிமதிப்பீடு, 25 அகமதிப்பீடு என்று ஒரு வழக்கம் உண்டு. இந்தத் தாளிலும் அதே 75, அதே 25. எண் பொருந்திவிட்டது. நான் விசாரித்த கல்லூரிகளில் அந்த 25இல் உள்தேர்வு இருக்கிறது, வருகைப்பதிவு இருக்கிறது, ஒப்படைவு என்று ஒன்று இருக்கிறது. களம் என்று எதுவும் இல்லை. பேத்தியின் ஒப்படைவை வாங்கிப் பார்த்தேன். தலைப்பு 'ஒரு குளத்தின் உயிர்ச்சூழல்'. பளபளப்பான அட்டை, வண்ணப் படங்கள். குளத்தில் தாமரை இருக்கிறது, தவளை இருக்கிறது, எந்த ஊர்க் குளம் என்பது மட்டும் இல்லை. ஜெராக்ஸ் கடையில் 60 ரூபாய் கொடுத்தால் பெயரை மாற்றி அச்சடித்துக் கொடுப்பார்களாம். வகுப்பில் நாற்பது பேருக்கு அதே குளம். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லி ஆகப்போவதும் ஒன்றுமில்லை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதை.

இனி இன்னொரு பக்கம் வருகிறேன். உறவினர்களில் பலருக்கு இது புதிதாக இருக்கும்.

இப்போது கல்லூரிகளில் 'கற்றல் விளைவு' என்பது பெரிய பேச்சு. ஒவ்வொரு பாடத்துக்கும் முதல் பக்கத்தில் "இதைப் படித்து முடித்த மாணவர் இன்னின்ன செய்ய வல்லவராவார்" என்று ஐந்து வாக்கியம் எழுதியிருப்பார்கள். நாக் கல்லூரியை மதிப்பீடு செய்யும்போது, இந்த விளைவுகளை எழுதி வைத்திருக்கிறீர்களா, அவை அடையப்பட்டனவா என்று எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று கேட்கும். நல்ல கேள்விதான். கல்லூரி என்ன செய்கிறது? வினாத்தாளில் ஒவ்வொரு கேள்வியையும் ஒரு விளைவோடு முடிச்சுப் போடுகிறது. ஒன்றாம் கேள்வி முதல் விளைவு, ஆறாம் கேள்வி மூன்றாம் விளைவு என்று ஓர் அட்டவணை. பிறகு எத்தனை சதவீதம் பேர் பாதிக்கு மேல் மதிப்பெண் வாங்கினார்கள் என்று கணினியில் போட்டால், 'அடைவு நிலை 3' என்று வந்து விழும். கோப்பு தயார்.

சுற்றுச்சூழல் தாளின் ஐந்து விளைவுகளில் ஒன்று, "மாணவர் தம் சூழலின் மீது பொறுப்புணர்வு கொள்வார்" என்ற பொருளில் கட்டாயம் இருக்கும். அதற்கு முடிச்சுப் போட்டிருக்கிற கேள்வி என்ன தெரியுமா? 'சுற்றுச்சூழல் பாதுகாப்பில் தனிமனிதனின் பங்கு பற்றிக் கட்டுரை வரைக.' கைடில் ஒன்பது குறிப்புகளாக இருக்கிறது. ஒன்பதையும் எழுதியவனுக்குப் பொறுப்புணர்வு வந்துவிட்டது என்று கோப்பு சொல்கிறது. அவன் தேர்வு முடிந்து வெளியே வந்து, தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துத் துப்பிவிட்டு பஸ் ஏறுவதைக் கோப்பு பார்க்கவில்லை.

நான் கல்லூரிப் படி ஏறியவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான் என் படிப்பு. "ஒண்ணாங் கிளாஸ் வாத்தியாருக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன பேச்சு" என்று யாருக்காவது தோன்றினால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நோக்கத்தையும் மதிப்பீட்டையும் பொருத்துவது எங்கள் பயிற்சிப் பள்ளியில் முதல் பாடம். பாடக்குறிப்பு எழுதும்போது இடது பக்கம் நோக்கம், வலது பக்கம் மதிப்பீடு. அறிவு, புரிதல், பயன்படுத்துதல், திறன் என்று பிரித்து எழுதுவோம். 'இலையின் பாகங்களை அடையாளம் காண்பர்' என்று நோக்கம் எழுதிவிட்டு, 'இலையின் பயன்கள் யாவை?' என்று மதிப்பீட்டுக் கேள்வி எழுதினால் எங்கள் விரிவுரையாளர் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். அடையாளம் காண்பதென்றால் கையில் இலையைக் கொடு, காட்டச் சொல். அவ்வளவுதான் தத்துவம். பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1956இல் அறிவு சார்ந்த நோக்கங்களைப் படிப்படியாக வகைப்படுத்தினார்கள். மனப்பான்மை சார்ந்த நோக்கங்களுக்கு அவர்களே 1964இல் தனியாக இன்னொரு புத்தகம் போட்டார்கள். ஒன்றை அளக்கிற முறையால் இன்னொன்றை அளக்க முடியாது என்பதால்தான் இரண்டு புத்தகம். இன்றைய கல்லூரிக் கோப்புகளில் முதல் புத்தகத்தின் பெயர் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இரண்டாவதை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை.

பள்ளியிலும் இந்தக் கோப்பு வியாதி வராமல் இல்லை. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு. பல பள்ளிகளில் செயல்பாடு என்றால் கடையில் விற்கிற படத்தை வாங்கி ஒட்டுவது என்று ஆகிப்போனது. பிள்ளைக்குப் பதில் அம்மா ராத்திரி பதினோரு மணிக்கு உட்கார்ந்து ஒட்டினார். ஆனால் அதே 20 மதிப்பெண், செய்ய நினைத்த ஆசிரியருக்குக் கதவைத் திறந்தும் விட்டது. இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்களில் சிலருக்கு அந்தச் சணல் கயிறு நினைவிருக்கும். ஏழாம் வகுப்பு அறிவியல். பள்ளியைச் சுற்றி அப்போது ஐந்தாறு திறந்த கிணறுகள் மிச்சம் இருந்தன. அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டிய கயிறு குழுவுக்கு ஒன்று. சனிக்கிழமை தோறும் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை முடிச்சுக் கீழே இருக்கிறது என்று அளந்து எழுத வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஆரம்பித்து மார்ச் வரை. நோட்டில் மூன்றே கட்டம்: தேதி, முடிச்சு, கண்ணில் பட்டது.

ஒரு பையன் நோட்டில் வாரத்துக்கு ஒரு முடிச்சு வீதம் தண்ணீர் அழகாக மேலே ஏறிக்கொண்டே வந்தது. மாதிரித் திட்டம் போல இருந்தது. "தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை கயிறு எங்கடா நனைஞ்சுது?" என்றேன். தலையைச் சொறிந்தான். "சார், அன்னிக்கு ஆயா வீட்டுக்குப் போயிட்டேன்." சரி, போகாத வாரத்துக்கு 'அளக்கவில்லை' என்று எழுது, அதற்கும் மதிப்பெண் உண்டு என்றேன். அடுத்த மாதத்திலிருந்து அவன் நோட்டில் நாலைந்து 'அளக்கவில்லை' வந்தது. மற்ற எண்களை அதன் பிறகுதான் நம்பினேன். இன்று அவன் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறான். இந்தப் பதிவைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

அதே வகுப்பில் ஒரு பெண், மழை பெய்த மறுநாளே அடுத்த தெருக் கிணறு ஏறுகிறது, எங்கள் கிணறு மூன்று நாள் கழித்துத்தான் ஏறுகிறது என்று எழுதியிருந்தாள். புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கிணறு வெட்டும் பெரியவரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். உங்கள் பக்கம் களி அதிகம், அந்தப் பக்கம் மணல் என்றாராம். அதையும் எழுதினாள். அவளுக்கு நான் கொடுத்தது இருபதுக்கு இருபது. எதற்கு என்று அன்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்: கண்ணால் பார்த்தாள், வித்தியாசம் தெரிந்தது, தெரிந்தவரிடம் கேட்டாள். இது மூன்றும் ஒரு பிள்ளையிடம் இருந்தால், நிலத்தடி நீரின் வகைகளை அது பிறகு படித்துக்கொள்ளும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளால் ஒரு சணல் கயிற்றை வைத்துச் செய்ய முடிந்ததை, பட்டப் படிப்புப் பிள்ளைகள் செய்ய முடியாதா? அதுவும் நம் மாவட்டத்தில்? சுற்றுச்சூழல் பாடம் படிக்க இதைவிடப் பொருத்தமான மாவட்டம் தமிழ்நாட்டில் எது என்று எனக்குச் சொல்லுங்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டு வராமல் இருக்க நிலத்தடி நீரை இரவு பகலாக வெளியே இறைக்கிறார்கள். அந்தத் தண்ணீர் வாலாஜா ஏரிக்கு வந்து, பரவனாறு வழியாக நம் பெருமாள் ஏரிக்கு வந்து, கடைசியில் வயலுக்குப் பாய்கிறது. கடலூரில் சிப்காட் வளாகம், பக்கத்தில் உப்பனாறு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் சதுப்புநிலக் காடு. அது 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம். தானேயில் ஒரே காலையில் முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். 2015இல் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை ஊருக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது. அந்த ஓடை ஏன் அன்று ஊருக்குள் வந்தது என்பது ஒரு செமஸ்டருக்குப் போதுமான கேள்வி. நம் பிள்ளைகள் 'வெள்ள மேலாண்மை' என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள், எந்த ஊர் வெள்ளம் என்று சொல்லாமலே.

இங்கே ஒரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் பாதி பேசியவன் ஆவேன்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுப் பாதைக்காகக் கால்வாய் வெட்டினார்கள். வளர்ந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரம் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. நிலத்தை முன்பே கையகப்படுத்தி இழப்பீடும் கொடுத்துவிட்டோம் என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். என் பழைய மாணவர்களில் என்.எல்.சி.யில் நிரந்தர வேலை பார்ப்பவர்கள் உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிகள் உண்டு, அதே நிறுவனத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு இன்றும் கோர்ட்டுக்கு நடப்பவர்களும் உண்டு. மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இந்தத் தாளை எழுதுகிறார்கள். 'சுரங்கத்தால் ஏற்படும் விளைவுகள்' என்ற கேள்விக்கு எவன் சரியான பதில் எழுதினான் என்று யார் சொல்வது? ஆசிரியருடைய கருத்தோடு ஒத்துப்போகிறவனுக்கு மதிப்பெண் என்று ஆனால், அது கல்வி இல்லை, கட்சிக் கூட்டம். மாணவன் மனதில் இருப்பதை மறைத்து, சாருக்குப் பிடித்ததை எழுதக் கற்றுக்கொள்வான். மனப்பான்மையை மதிப்பிடுவதில் இதுதான் பெரிய ஆபத்து. கல்லூரிகள் பாதுகாப்பாகக் கைடுக்குள் ஒதுங்கிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் கருத்துக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லையே. அந்தக் கருத்துக்கு அவன் எப்படி வந்தான் என்று பார்க்கலாம். இடத்தைப் போய்ப் பார்த்தானா? எதையாவது அளந்தானா, எண்ணினானா? தனக்குப் பிடிக்காத பக்கத்து ஆளிடமும் பேசினானா? அவர் சொன்னதைத் திரிக்காமல் எழுதினானா? தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதினானா? சுரங்கம் வேண்டும் என்று முடிக்கிற பிள்ளையும் வேண்டாம் என்று முடிக்கிற பிள்ளையும் இந்தக் கேள்விகளில் ஒரே மாதிரி நல்ல மதிப்பெண் வாங்க முடியும். இரண்டு பேரும் ஒரே மாதிரி தோற்கவும் முடியும்.

கல்லூரியில் இருக்கிற என் மாணவர்கள் இதற்குள் பதில் தட்டச்சு செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். "சார், ஒரு வகுப்பில் எழுபது பேர். ஆறு வகுப்பு. இந்தப் பாடம் எடுப்பது பாதி கௌரவ விரிவுரையாளர்கள், அவர்களுக்கே சம்பளம் எப்போது வரும் என்று தெரியாது. பஸ் பிடித்து, பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி, பெண் பிள்ளைகளை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், நானூறு நோட்டு திருத்தி..." புரிகிறது. உங்களைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நாக் கோப்புக்காக நீங்கள் ராத்திரி கண் விழித்து அட்டவணை போடுவதும் எனக்குத் தெரியும். அந்த நேரத்தைப் பாதியாகக் குறைக்க முடியும் என்றுதான் சொல்ல வருகிறேன்.

களத்துக்கு எல்லோரையும் பஸ்ஸில் அழைத்துப் போக வேண்டாம். பிள்ளைகள் ஐம்பது ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒரு குளம், ஒரு ஓடை, ஒரு குப்பைமேடு இருக்கிறது. அவரவர் ஊரில் அவரவர் பார்க்கட்டும், பன்னிரண்டு வாரம், வாரம் அரைப் பக்கம், கையெழுத்தில். அச்சடித்தது செல்லாது. செல்போனில் அந்த இடத்தில் தேதியோடு ஒரு படம். முடிவில் ஒவ்வொருவரையும் மூன்று நிமிடம் நிற்க வைத்து, அவர் நோட்டிலிருந்தே இரண்டு கேள்வி. கயிறு எங்கே நனைந்தது என்று கேட்டால் போதும், பார்த்தவன் யார் பார்க்காதவன் யார் என்று தெரிந்துவிடும். எழுபது பேருக்கு மூன்றரை மணி நேரம் ஆகும். இரண்டு உள்தேர்வுகளில் ஒன்றை விட்டுவிட்டால் அந்த நேரம் கிடைக்கும்.

அடுத்தது கோப்பு. பிள்ளைக்கு மதிப்பெண் போடுவது ஒரு வேலை. பாடம் தன் நோக்கத்தை அடைந்ததா என்று பார்ப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே எண்ணால் முடித்துவிடலாம் என்று நினைப்பதில்தான் குழப்பமே. முதல் வேலைக்கு எல்லாப் பிள்ளையும் வேண்டும். இரண்டாவதற்கு எல்லோரும் வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர்களுக்கு இது புதிதல்ல. 2017இலும் 2021இலும் தேசிய அடைவு ஆய்வு நடந்தபோது நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்குமா தேர்வு வைத்தார்கள்? சில பள்ளிகள், சில வகுப்புகள், சில குழந்தைகள். எந்தக் குழந்தைக்கும் பாஸ் ஃபெயில் கிடையாது, மாவட்டம் எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்குதான். அமெரிக்கக் கல்லூரிகளிலும் பொதுப் பாடங்களுக்கு இப்படிச் செய்கிற வழக்கம் உண்டு. அங்குள்ள கல்லூரிகளின் சங்கம் ஒன்று 2009வாக்கில் இதற்கென்றே அளவுகோல்களைத் தயாரித்துக் கொடுத்தது. மாணவர்கள் ஏற்கெனவே எழுதிய கட்டுரைகளில் சிலவற்றை எடுத்து, பெயரை மறைத்து, பாடம் நடத்தாத வேறு ஆசிரியர்கள் படித்து, எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்வார்கள்.

நம் ஊரில் இதைச் செய்யக் காசு பணம் வேண்டாம். நானூறு நோட்டில் சீட்டுக் குலுக்கி நாற்பது எடுங்கள். பெயர் உள்ள பக்கத்தை ஒரு தாள் ஒட்டி மறையுங்கள். வணிகவியல் ஆசிரியர் ஒருவர், தமிழ் ஆசிரியர் ஒருவர், விலங்கியல் ஆசிரியர் ஒருவர், ஒரு மத்தியானம் உட்கார்ந்து படிக்கட்டும். நாற்பதில் எத்தனை நோட்டில் நேரில் பார்த்ததற்கு அடையாளம் இருக்கிறது, எத்தனையில் ஒரு கேள்வியாவது எழும்பியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். நாற்பதில் பதினொன்று என்று வந்தால் பதினொன்று என்றே எழுதுங்கள். அடுத்த வருடம் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி. தரம் பார்க்கிற பேராசிரியர்களும் மனிதர்கள்தானே. எல்லாப் பாடத்திலும் 'நிலை 3' என்று போட்ட கோப்பைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கே சலித்திருக்கும்.

நம் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூரிலிருந்த திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2021க்குப் பிறகு சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்துவிட்டன. 1929இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நமக்கு ஒரு மணி நேரப் பயணம். வெள்ளாறும் கொள்ளிடமும் பிச்சாவரமும் அதற்குப் பக்கத்து வீடு. அந்த 25 மதிப்பெண்ணை மறுபடியும் களத்துக்கே கொடுப்பதென்று பாடத்திட்டக் குழுவில் ஒரே ஒரு தீர்மானம் போதும். மாநிலம் முழுக்க ஒரே மாதிரிப் பாடத்திட்டம் என்று 2023இல் பேச்சு வந்தபோது பெரிய விவாதம் நடந்தது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்று எல்லோரும் சண்டை போட்டார்கள், எப்படி மதிப்பிடப் போகிறோம் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

மதிப்புக் கல்வியைப் பற்றித் தனியாக எழுதினால் இந்தப் பதிவு இன்னும் நீளும். ஒன்று மட்டும். குறிஞ்சிப்பாடியிலிருந்து தினம் வடலூர் வழியாகக் கல்லூரிக்குப் போய் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 1867இல் வள்ளலார் தொடங்கிய தரும சாலை அங்கே இருக்கிறது, அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் இன்றும் சோறு வடிக்கிறது. 'ஜீவகாருண்யம் - குறிப்பு வரைக' என்ற கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கிய பிள்ளை அந்த அடுப்பு எப்படி இத்தனை வருடம் எரிகிறது, அரிசி யார் தருகிறார்கள், யார் கிளறுகிறார்கள், யார் வந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு மத்தியானம் பந்தி பரிமாறிப் பார்த்துவிட்டு இரண்டு பக்கம் எழுதினால் என்ன கெட்டுவிடும்?

இனி உங்கள் முறை. 2004க்குப் பிறகு கல்லூரியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் சுற்றுச்சூழல் தாள் எழுதித் தேறியவர்கள்தான். எந்த வருடம் எழுதினீர்கள், எந்த ஊர்க் கல்லூரி என்பது வேண்டாம், அந்தப் பாடத்திலிருந்து இன்று நினைவில் இருப்பது எது, அதனால் நீங்கள் செய்கிற அல்லது செய்யாமல் விட்ட காரியம் ஒன்றாவது உண்டா என்று இரண்டு வரி எழுதுங்கள். ஒன்றும் நினைவில்லை என்றால் 'அளக்கவில்லை' என்று எழுதுங்கள். அதற்கும் மதிப்பெண் உண்டு.

கல்லூரியில் பாடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு தகவல். வருகிற பருவத்தில் யாராவது ஒரு வகுப்பையாவது இப்படிச் செய்து பார்ப்பதாக இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பெருமாள் ஏரிக்கரை ஊர்களில் பாசனத் தண்ணீரைப் பற்றி விவரமாகப் பேசக்கூடிய பெரியவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும், பேசி வைக்கிறேன். கார்த்திகை, மார்கழியில் வருவது நல்லது, ஏரியில் தண்ணீர் இருக்கும், பறவையும் இருக்கும். காலை ஏழு மணிக்குள் கரைக்கு வந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் ஒன்றும் கண்ணில் படாது. கயிறு என்னிடம் இருக்கிறது.